சந்தோஷம் வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்

எனக்கு வலிப்பு வருவதற்கு முன்னால் சந்தோஷம் வரும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தலை சுற்றும், கண் இருட்டும், ரப்பர் எரிகிற வாடை வரும் என்று ஆஸ்பத்திரி பெஞ்சில் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு வந்ததோ அடிவயிற்றிலிருந்து குபுகுபுவென்று ஒரு சந்தோஷம். பஸ் வேகமாக ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது வயிறு மட்டும் ஒரு கணம் மேலேயே நிற்குமே, அது அப்படியே நெஞ்சுக்கு ஏறி, தொண்டைக்கு ஏறி, உச்சந்தலைக்குப் போகும். அந்த நேரத்தில் எதைப் பார்த்தாலும் அழகு. பிளாஸ்டிக் குடம் அழகு. ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதே’ என்று சுவரில் எழுதியிருப்பது அழகு. குழாயடியில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தண்ணீருக்குச் சண்டை போடும் அம்மா பேரழகு. ஆகா, எல்லாம் சரியாக இருக்கிறது, இனி ஒரு குறையும் இல்லை என்று சிரிப்பேன். அதோடு சரி. அடுத்து கண் விழிக்கும்போது தரையில் கிடப்பேன். நாக்கைக் கடித்திருப்பேன், பாவாடை நனைந்திருக்கும், கையில் ஏதாவது ஓர் இரும்பு இருக்கும்.

இரும்புக் கதைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

அப்பாவுக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, காலையில் எழுந்தால் தலைவலி, தலைவலியோடு வாந்தி. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறேன் என்று அம்மா இரண்டு சாத்து சாத்தினாள். நடக்கும்போது சுவரில் போய் இடித்துக்கொள்ள ஆரம்பித்ததும்தான் பயந்துபோய் மெட்ராஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளையில் கட்டி. காதுக்கு மேலே திறந்து முடிந்தவரை எடுத்தார்கள். எடுக்க முடியாத மிச்சத்துக்குக் கரண்ட் வைத்தார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் எல்லோரும் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம்.

கரண்ட் வைத்த நாட்கள் என் வாழ்க்கையின் திருவிழா நாட்கள். அப்பா தினமும் காலையில் என்னை ஆவடியில் ரயிலேற்றி சென்ட்ரலில் இறக்குவார். ஆஸ்பத்திரியில் ஒரு ராட்சச மிஷினுக்கு அடியில் என்னைத் தனியாகப் படுக்க வைத்துவிட்டு, தடிமனான கதவைச் சாத்திக்கொண்டு பெரியவர்கள் எல்லோரும் வெளியே ஓடிவிடுவார்கள். படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், ஒரு மிஷினுக்குப் பயந்து ஓடுகிறார்களே என்று எனக்குச் சிரிப்பாக வரும். வலி கிடையாது. எந்த இடத்தில் கரண்ட் விழ வேண்டும் என்று ஊதா மையில் கோடு போட்டிருந்தார்கள். அதை அழிக்கக் கூடாது என்பதால் தலைக்குக் குளியல் கிடையாது. பள்ளிக்கூடம் கிடையாது, எண்ணெய்க் குளியல் கிடையாது, தினமும் ரயில், திரும்பும்போது பால் ஐஸ். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வயிறெரிந்தார்கள். தனக்கும் அதே மாதிரி கட்டி வர வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டதாக ஒருத்தி என்னிடமே வந்து சொன்னாள்.

அம்மா தன் பங்குக்கு, பிள்ளை பிழைத்தால் திருவேற்காட்டுக்கு வந்து முடி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தாள். கரண்ட் முடிவதற்குள் முடி தானாகவே கொட்டிப்போயிற்று. பிழைத்துவிட்டேன், வேண்டுதல் நிற்கிறது. கோயிலில் முடி எடுப்பவர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாத்தமா எடுக்கறது? இங்க இன்னா கீது?”

“வேண்டுனது வேண்டுனதுதான். நீங்க சும்மா கத்திய ஓட்டுங்க. அம்மனுக்குத் தெரியும்,” என்றாள் அம்மா.

அவரும் மனம் நோகாமல் மொட்டைத் தலைக்குத் தண்ணீர் தடவி, மேலே மூன்று தரம் கத்தியைத் தடவி, சந்தனம் பூசி அனுப்பினார். அம்மன் ஏற்றுக்கொண்டாள் போலிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருஷம் எனக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் முடி முளைக்கவில்லை. அதை மறைத்து வாரிக்கொள்வதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோது எனக்குப் பேரானந்தம் வந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் யாருக்காவது பேரானந்தம் வருமா? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முன்னால் நின்ற கிழவருடைய கேனைப் பார்த்துச் சிரித்தேனாம். அவர் தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று திட்ட வாயெடுப்பதற்குள் நான் விழுந்துவிட்டேன்.

மறுபடி ஆஸ்பத்திரி, ஸ்கேன். டாக்டர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டிச் சொன்னார்.

“கட்டி திரும்ப வரலைம்மா. சுத்தமா இருக்கு. ஆனா அன்னைக்குக் கரண்ட் வச்ச இடம் கொஞ்சம் கருகித் தழும்பாயிருக்கு. அந்தத் தழும்புதான் வலிப்பைக் கிளப்புது. சில பேருக்கு ரொம்ப வருஷம் கழிச்சு இப்படி வரும்.”

“அப்ப கரண்ட் வச்சதுதான் தப்பா?” என்றாள் அம்மா.

“வைக்காட்டி இவ இன்னைக்கு இங்க உக்காந்திருக்க மாட்டா.”

அது எனக்கு நியாயமாகப் பட்டது. உயிரோடு இருப்பவளுக்குத்தானே வலிப்பு வரும். ஆனால் முன்னால் வருகிற அந்தச் சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டபோது, “அதுவும் தழும்போட வேலைதான். வலிப்பு தொடங்கறதே அங்கதான். வலிப்போட தலை அது, மத்ததெல்லாம் வால்,” என்றார். அதுதான் எனக்குச் சுருக்கென்றது. விழுவது, நாக்கைக் கடிப்பதெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், சந்தோஷமாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

மாத்திரைகள் தொடங்கின. முதல் மாத்திரையில் ஈறு வீங்கிப் பல்லை மூடியது. இரண்டாவதில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம். மூன்றாவதில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆவடி ஸ்டேஷனில் ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில் வரும், எதில் ஏறுவது என்று கையை நீட்டித் தடவிப் பார்ப்பேன். இத்தனைக்கும் வலிப்பு அசையவில்லை. புது மாத்திரைக்குக் கொஞ்ச நாள் பயந்து ஒதுங்கியிருக்கும், பழகியதும் திரும்பிவிடும். கடைசியில் டாக்டர், “இது மருந்துக்கு அடங்காத வகைம்மா. குறைக்கலாம். நிறுத்த முடியுமான்னு தெரியல,” என்றார். சின்ன வயதிலிருந்து யாருக்கும் அடங்காதவள் என்றுதான் அம்மா என்னைத் திட்டுவாள். இப்போது டாக்டரே சொல்லிவிட்டார் என்று அன்றைக்கு ரயிலில் வரும்போது நான் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது இரும்பு. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது ஊரறிந்த வைத்தியம். இரும்பும் வேண்டாம் கிரும்பும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தள்ளி நில்லுங்கள் என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் கேட்டார்கள்? அதுவும் நான் வேலைக்குப் போனதோ அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். அங்கே இரும்புக்கா பஞ்சம்? விழித்துப் பார்த்தால் கையில் ஸ்பேனர் இருக்கும், போல்ட் இருக்கும், சைக்கிள் செயின் இருக்கும். ரயிலில் விழுந்தால் பெண்கள் பெட்டியிலிருந்து பூக்காரம்மாவின் கத்தரிக்கோல், காய்க்காரம்மாவின் எடைக்கல். ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவதி தன் வீட்டுச் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டு, தன் ஸ்டேஷன் வந்ததும் அவசரத்தில் இறங்கிப் போய்விட்டாள். அவள் அன்றைக்கு எந்த வாசலில் நின்றாளோ. நான் அந்தக் கொத்தோடு அசந்து தூங்கி, பயணிகளெல்லாம் இறங்கிய பிறகு காலி ரயிலோடு அண்ணனூர் ஷெட்டுக்குள்ளேயே போய்விட்டேன். விழித்தால் நாலாபக்கமும் ரயில், ஒரு மனுஷர் இல்லை. கூட்டித் துடைக்க வந்தவர் என்னைப் பார்த்து அலறிய அலறலில் நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். சந்தோஷம் வந்தால் வலிப்பு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து நான் சிரித்தாலே எல்லோரும் இரும்பைத் தேடுவார்கள். டிவியில் ஏதோ வேடிக்கைக்கு நான் களுக்கென்று சிரித்தால், அம்மா அடுப்படியிலிருந்து இரும்புக் கரண்டியோடு பாய்ந்து வருவாள். “ஏட்டி, சும்மா சிரிக்கியா, அதுவா?” சும்மாதான் என்று நான் சொல்லி முடிக்கும் வரை தோளை விடமாட்டாள். அப்பா எனக்கு முன்னால் வேடிக்கை பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தலைப்பாகை சரிந்ததற்குச் சிரித்தேன், மூன்று பேர் மூன்று சாவியை என் கையில் திணித்தார்கள். அதற்குப் பிறகு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உள்ளுக்குள் மட்டும் சிரிக்கப் பழகினேன். அது உடம்புக்கு நல்லதில்லை, விக்கல் வருகிறது.

ஆனால் உண்மையில் சங்கடம் எனக்குத்தான். நல்ல மழை பெய்தால் மனசு துள்ளும். உடனே, இது மழையா, தழும்பா? என்று சந்தேகம் வரும். சுவரோரம் உட்கார்ந்துகொண்டு காத்திருப்பேன். ஒன்றும் வரவில்லையென்றால், அடடே, நிஜ சந்தோஷம், வீணாய்ப் போயிற்றே என்று எழுந்திருப்பேன். அதற்குள் மழை நின்றிருக்கும்.

கம்பெனியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லேத்தில் துளை போட்டு வரும் உருப்படிகளை கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும். கேஜ் என்பது ஒரு சின்ன உருளை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் தேறியது, இல்லையென்றால் தள்ளு. மிஷின்களுக்குப் பக்கத்தில் போகாமல் உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் வலிப்புக்குப் பிறகும் என்னை நிறுத்தவில்லை. லேத்துக்காரர்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. அதிலும் ஒருவருடைய உருப்படியை நான் அடிக்கடி தள்ளுவேன். கரையான்சாவடியிலிருந்து வருபவர். உயரமாக, பெரிய காதுகளோடு, தள்ளிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு பார்வை பார்ப்பார்.

ஒரு நாள் என் மேஜையிலேயே விழுந்தேன். ‘இரும்பு, இரும்பு’ என்று கூச்சல். அவர் லேத்தை நிறுத்திவிட்டுக் கையிலிருந்ததோடு ஓடிவந்து அதை என் கையில் வைத்துவிட்டார். அது சக் கீ. லேத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வாயை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள, குறுக்குப்பிடி வைத்த கனத்த சாவி. அன்றைக்கு வலிப்பு சீக்கிரம் நின்றது. ஆனால் நான் அரைத் தூக்கத்தில் அந்தச் சாவியை விடவில்லையாம். விரலைப் பிரிக்கப் பயந்து, சாவியோடேயே என்னைக் கம்பெனி வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய லேத் வாயில் ஒரு துண்டு இரும்பைக் கவ்விக்கொண்டு அந்த ஷிப்ட் முழுக்கச் சும்மா நின்றது.

மறுநாள் காலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார்.

“மேடம், என் சக் கீ உங்களாண்ட கீது.”

அம்மா அதைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தியிருந்தாள். இத்தனை இரும்பில் இந்த ஓர் இரும்புக்குத்தான் வலிப்பு சட்டென்று நின்றது, இதில் என்னவோ இருக்கிறது என்பது அவள் முடிவு.

“தம்பி, இது இங்கனயே இருக்கட்டுமே. அடுத்த தடவை வலிப்பு வந்து போனப்புறம் வாங்கிக்கிடுங்க,” என்றாள்.

“யம்மா, அது லேத்து சாவிமா! அது இல்லாங்காட்டி மிஷினு சும்மா நிக்கும்மா. சூப்பர்வைசர் என்னத் தொங்க வுட்ருவாரு!”

“காப்பி குடிக்கியளா?”

அவர் காப்பியைக் குடித்துவிட்டு, சாமியையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு போய்விட்டார். இரண்டு நாளில் திரும்பி வந்தார். பக்கத்து லேத்தில் மிச்ச இரும்பைத் தானே கடைந்து, எண்ணெய் போட்டுப் பளபளவென்று இன்னொரு சக் கீ கொண்டுவந்திருந்தார். “இத்த வச்சிக்கோமா. அதே அளவு, அதே எடை. சாமிக்கு வித்தியாசமே தெரியாது,” என்றார். அம்மா இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்துச் சமாதானமாகி, பழையதைக் கொடுத்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். வயிறு மேலே ஏறியது. வந்துவிட்டது என்று தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் இதே கதை. அவர் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பார், வயிறு ஏறும், நான் மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். “இன்னா மேடம், பேஜாரா கீதா?” என்பார். இல்லை என்பேன். விழ மாட்டேன். சாயங்காலம் என்னோடேயே ரயிலேறி ஆவடி வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் பூந்தமல்லி வழியாகக் கரையான்சாவடி போவார். அம்பத்தூரிலிருந்து அவருக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. கேட்டால், “இதான் ஷார்ட் கட்டு,” என்பார், முகம் மாறாமல்.

ரயிலில் அவர் சொல்கிற கம்பெனிக் கதைகளுக்கு நான் வாய்விட்டுச் சிரிப்பேன். நான் சிரித்தால் கையைப் பிடிக்காமல், சாவியைத் தேடாமல், கூடவே சிரித்த ஒரே ஆள் அவர்தான். விழுந்தால்? “வுழுந்தா எய்ந்துக்கப் போற. அதுக்கோசரம் சிரிக்காம இருப்பியா?” என்பார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றுதான் நினைத்தேன். அதுதானே சிக்கல்.

ஒரு சாயங்காலம் ரயில் வழக்கம்போல் அண்ணனூரில் சிக்னலுக்காக நின்றது. வாசலோரம் நின்றுகொண்டிருந்தோம். அவர் வெளியே பார்த்தபடி, “நாம கட்டிக்கலாமா?” என்றார்.

சந்தோஷம் ஏறியது. நெஞ்சு, தொண்டை, உச்சந்தலை. ஷெட்டில் நின்ற காலி ரயில்கள் அத்தனையும் அழகாக இருந்தன. அடுத்து கண் விழித்தால் ஆவடி ஸ்டேஷன் பெஞ்சில் படுத்திருக்கிறேன். அவரைச் சுற்றி நாலு பொம்பளைகள் நின்று, “அந்தப் பொண்ணாண்ட இன்னாபா சொன்ன நீ?” என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

“நான் பதில் சொன்னேனா?” என்று கேட்டேன்.

“சிரிச்ச. அப்பால வுழுந்துட்ட.”

மறுநாள் அவரிடம் என் சிக்கலை உடைத்துச் சொல்லிவிட்டேன். உங்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம் வருகிறது. வலிப்பு வரும்போதும் இதே சந்தோஷம்தான் வருகிறது. இரண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு உங்களைத்தான் பிடித்திருக்கிறதா, இல்லை என் தலைக்குள் கருகிய இடம் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறதா? அது தெரியாமல் ஒரு மனுஷரைக் கட்டிக்கொண்டு, நாளைக்கு டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை கொடுத்துத் தழும்பு அடங்கி, கூடவே ஆசையும் அடங்கிவிட்டால் உங்கள் கதி என்ன? சொல்லும்போது அழுகை வந்தது. நிஜமாகவே பயந்திருந்தேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பிறகு, “எப்ப உனக்கு அந்த சந்தோஷமே வராது?” என்று கேட்டார். லேத்துக்காரர் அல்லவா, எங்கே அளக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

எனக்கும் தெரியும். வலிப்பு வந்துபோன பிறகு வராது. ஒரே நாளில் இரண்டு தடவை எனக்கு வந்ததே இல்லை. வந்துபோனதும் மனசு சுரண்டிய சட்டிபோல் இருக்கும். தலை பிளக்கும், யாரையும் பிடிக்காது, எதிலும் ருசி இருக்காது. “அப்பக் கேளுங்க,” என்றேன். “அப்பவும் நான் சரின்னு சொன்னா அது நான் சொன்னது.”

கை கொடுத்தார். வலிப்புக்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் நாலாவதாக ஒரு மாத்திரையைச் சேர்த்தார். வலிப்பு பயந்து ஒதுங்கிக்கொண்டது. வாரம் போகிறது, மாதம் போகிறது, வரக்காணோம்! அம்மா பூரித்துப்போய் அம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறாள். டாக்டர் முதல்முறையாக என்னைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் இடிவிழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். விஷயம் லேத் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. தினமும் காலையில், “இன்னா மாமே, வந்துச்சா?” என்று அவரைக் கேட்பார்கள். “இன்னும் வர்ல மச்சான்,” என்று அவர் தொங்கிய முகத்தோடு சொல்வார். சூப்பர்வைசர், ஏதோ சம்பளப் பேச்சு என்று நினைத்துக்கொண்டு, “சீக்கிரம் வரும், சீக்கிரம் வரும்,” என்று தேற்றினார். ஒரு நாள் மாத்திரையை விட்டுப் பார்க்கட்டுமா என்று நான் கேட்டதற்கு மட்டும் என் லேத்துக்காரருக்குக் கோபம் வந்தது. “மாத்திரய நிறுத்தினன்னு தெரிஞ்சுது, கேக்கவே மாட்டேன்,” என்றார்.

பொறுமை இழந்தது அவருடைய அம்மாதான். கரையான்சாவடி மெயின் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருந்த மனுஷி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனையும் இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு நேராக வந்துவிட்டார்.

“எத்தினி மாசமா என் புள்ளைக்குப் பதிலு சொல்லாம கீறா உன் பொண்ணு? அப்டி இன்னா கலெக்டரா அவ?”

அம்மா கேசரித் தட்டை வைத்துவிட்டு, தன் மனதிலிருந்ததைக் கேட்டாள். “வலிப்பு இருக்க பொண்ணக் கட்டுனா கல்யாணமே செல்லாதுன்னு சட்டத்துலயே இருக்காமே. நாளைக்கு நீங்க கோர்ட்டுக்குப் போயிட்டா எம்மவ கதி?” அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது.

“தெரிஞ்சே கட்டறவன் எதுக்குமா கோர்ட்டுக்குப் போறான்?” என்றார் அவர்.

“கோர்ட்டுக்கு நடக்கறதுக்கு எனுக்குக் கால்ல தெம்பு கீதா?” என்றார் அவருடைய அம்மா. “காலீல நாலு மணிக்கு மாவு கரைக்கணும். கோர்ட்டாம்!”

எனக்குச் சிரிப்பு வந்தது. கேசரியில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது, அதன் இறக்கை அத்தனை அழகாக இருந்தது. அவருடைய அம்மாவின் மூக்குத்தி அழகாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

விழித்தபோது சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்குள் யாரோ சுத்தியலால் அடிக்கிறார்கள். வாயில் ரத்தம். புடவை நனைந்திருந்தது. அவருடைய அம்மா என் முகத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மகன் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் யாரென்று ஞாபகம் வரவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் கண்ணைத் திறந்து அவரை அடையாளம் கண்டுகொள்ளும் வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

“கட்டிக்கலாமா?”

“டேய் கய்தே! இப்பவாடா கேக்கறது? பச்ச புள்ள மாதிரி துவண்டு கீது!” என்று அவருடைய அம்மா துணியாலேயே அவரை அடித்தார்.

“இப்பத்தாம்மா கேக்கணும். அவதான் சொன்னா.”

நான் எனக்குள் தேடிப் பார்த்தேன். வயிற்றில் ஒன்றுமில்லை. நெஞ்சில் ஒன்றுமில்லை. வற்றிய கிணற்றில் வாளி போய்த் தரையில் இடித்ததுபோல் இருந்தது. ஈ வெறும் ஈயாக இருந்தது. அவருடைய காதுகள் பெரிதாக, அசிங்கமாக இருந்தன. அப்படியென்றால் இத்தனை நாளும் சிரித்ததெல்லாம் தழும்புதான், நான் இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது. துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் அதைப் பார்த்தார். பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். “சர்தான். பரவால்ல. நீ தூங்கு,” என்றார். முட்டியில் கை ஊன்றி எழுந்தார். “வாம்மா, போலாம்.”

“போகாதீங்க,” என்றேன்.

கடித்த நாக்கோடு சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவர் நின்றுவிட்டார். குனிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“சந்தோஷமா கீதா?” என்று பயந்துகொண்டே கேட்டார்.

“இல்ல,” என்றேன். “கொஞ்சங்கூட இல்ல. நீங்க உக்காருங்க.”